பெர்னாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்: தஞ்சோங் மாலிம் வளாகம் சொல்லும் வரலாறு

எங்கள் பக்கத்து மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "உப்சி எப்போது தொடங்கியது?" உடனே கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு "1997, டீச்சர்" என்பார்கள் சிலர். "இல்லை, 1922" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பதிலும் சரிதான். ஒரே வளாகத்துக்கு எப்படி இரண்டு பிறந்த நாள் வந்தது? அதைக் கண்டுபிடிக்கப் போனால் நூறு ஆண்டுக் கல்வி வரலாறே நம் கண்முன் வந்து நிற்கும். அதில் நம் தோட்டங்களின் கதையும் ஒரு பகுதி.

கலும்பாங்கிலிருந்து பழைய பெருஞ்சாலை வழியாக வடக்கே போனால் கொஞ்ச நேரத்தில் பெர்னாம் ஆறு வந்துவிடும். இந்தப் பக்கம் சிலாங்கூர், பாலத்தைத் தாண்டினால் பேராக். அங்கே இருக்கும் சிறு நகரம்தான் தஞ்சோங் மாலிம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், அதாவது நாம் சுருக்கமாக உப்சி என்று சொல்வது, அங்கேதான் இருக்கிறது. கர்லிங், கலும்பாங் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது பக்கத்து ஊர்தான். ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, உள்ளே நுழைய முடிவது வேறு. இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதைத்தான்.

ஏன் தஞ்சோங் மாலிம்?

மலாய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் முயற்சி இதற்கு முன்பே இருந்தது. 1878இல் சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் ஒரு கல்லூரி தொடங்கி 1895இல் மூடப்பட்டது. தைப்பிங்கில் 1898இல் தொடங்கிய கல்லூரி இரண்டே ஆண்டுகளில் முடிந்துபோனது. பிறகு 1900இல் மலாக்காவிலும் 1913இல் பேராக்கின் மாத்தாங்கிலும் கல்லூரிகள் வந்தன. இரண்டுமே சிறியவை.

1916இல் மலாய்ப் பள்ளிகளைக் கவனிக்கும் உதவிக் கல்வி இயக்குநராக ரிச்சர்ட் வின்ஸ்டட் நியமிக்கப்பட்டார். ஜாவாவிலும் பிலிப்பைன்சிலும் கிராமக் கல்வி எப்படி நடக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து 1917இல் அறிக்கை கொடுத்தார். சிறு கல்லூரிகள் தனித்தனியே இருப்பதற்குப் பதிலாக எல்லா மலாய் மாநிலங்களுக்கும் பொதுவாக ஒரே மையக் கல்லூரி வேண்டும் என்ற எண்ணம் அதிலிருந்து உருவானது. அப்படித்தான் மலாக்கா, மாத்தாங் கல்லூரிகள் மூடப்பட்டு, 1922 நவம்பர் 29ஆம் நாள் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1887 முதல் 1916 வரை பேராக்கை ஆண்ட சுல்தான் இட்ரிஸின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது.

இடத்தைக் கவனியுங்கள். கோலாலம்பூர் இல்லை, ஈப்போ இல்லை, பினாங்கும் இல்லை. இரண்டு மாநிலங்களின் எல்லையில் ஒரு சின்ன ஊர். வரைபடத்தை விரித்து வைத்தால் காரணம் புரியும். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் ரயில் பாதை அந்த ஊர் வழியாகப் போகிறது. கெடாவிலிருந்து வரும் பையனும் மலாக்காவிலிருந்து வரும் பையனும் ரயிலேறி வந்து இறங்கலாம். அதே சமயம் பெருநகரத்தின் பரபரப்பு இல்லை. சுற்றிலும் கம்பங்கள், வயல், காடு, ரப்பர்.

வளாகம் எதற்காக வடிவமைக்கப்பட்டது?

ஒரு வளாகத்தின் அமைப்பைப் பார்த்தால், அதைக் கட்டியவர்கள் எப்படிப்பட்ட மனிதனை உருவாக்க நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அன்றைய காலனி அரசின் எண்ணம் மறைவானது அல்ல. கிராமத்து விவசாயியின், மீனவரின் பிள்ளை தன் தகப்பனைவிடக் கொஞ்சம் அறிவுள்ள விவசாயியாக, மீனவராக வந்தால் போதும் என்பதே அது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தலைமைச் செயலர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1920ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தக் கருத்தை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

அதற்கு ஏற்றபடிதான் கல்லூரியும் அமைந்தது. பயிற்சி மூன்று ஆண்டுகள். மாணவர்கள் விடுதியிலேயே தங்க வேண்டும். வகுப்பறையோடு தோட்ட வேலையும் கூடை முடைதல் போன்ற கைத்தொழிலும் பாடத்திட்டத்தில் முக்கிய இடம் பெற்றன. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த ஆசிரியர்தான் கிராமப் பள்ளிக்குத் தேவை என்று நினைத்தார்கள். அதனால் நிலமும் ஒரு பாடநூலாக இருக்கும்படி கிராமச் சூழலில் வளாகம் அமைந்தது. 1919இல் தொடங்கி 1922இல் கட்டி முடிக்கப்பட்ட முதன்மைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 'சூலோ புடிமான்' என்று அதற்குப் பெயர். 'அறிவாளரின் தீப்பந்தம்' என்று பொருள் சொல்லலாம். இப்போது அதில் தேசியக் கல்வி அருங்காட்சியகம் இயங்குகிறது. பள்ளிச் சுற்றுலா போக ஏற்ற இடம்.

திட்டம் ஒன்று, விளைவு வேறு

வரலாற்று மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். திட்டம் போட்டவர்கள் நினைத்தபடி நடந்ததா? இல்லை.

பல மாநிலங்களின் இளைஞர்களை ஒரே விடுதியில் மூன்று ஆண்டுகள் தங்க வைத்தால் என்ன ஆகும்? கெடாக்காரன், ஜொகூர்க்காரன், பகாங்காரன் என்று வந்தவர்கள், புருணையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து, ஒரே மொழியில் பேசி, ஒரே பத்திரிகையைப் படித்து, "நாம் எல்லாரும் ஒரே இனம்" என்று உணரத் தொடங்கினார்கள். முதல் முதல்வராக 1922 முதல் 1936 வரை பணியாற்றிய ஓ.டி. டசெக் மலாய் மொழி மீது மதிப்பு வைத்தவர். 1924இல் கோலாலம்பூரிலிருந்து மொழிபெயர்ப்புப் பிரிவு இந்தக் கல்லூரிக்கு மாற்றப்பட்டது. அதோடு அறிஞர் ஸஅபாவும், அதாவது சைனால் அபிடின் அகமட்டும், இங்கே வந்தார். மலாய்ப் பள்ளிகளுக்கான பாடநூல்களும் பொதுவாசிப்பு நூல்களும் இங்கிருந்து வெளிவந்தன. மலாய் இலக்கணத்தையும் எழுத்துமுறையையும் ஒழுங்குபடுத்தும் பணியும் நடந்தது.

மண்வெட்டி பிடிக்கும் ஆசிரியரை உருவாக்கக் கட்டிய வளாகம் எழுத்தாளர்களையும் அரசியல்வாதிகளையும் உருவாக்கியது. ஹருண் அமினுர்ரஷித் இங்கே படித்துப் பிறகு இங்கேயே ஆசிரியராக இருந்தவர். 1938இல் 'கெசத்துவான் மலாயு மூடா' என்ற இயக்கத்தை உருவாக்கிய இப்ராஹிம் யாக்கோப் இந்தக் கல்லூரியின் மாணவர். மலாய் தேசிய உணர்வின் தொட்டில்களில் ஒன்று தஞ்சோங் மாலிம் என்று வரலாற்றுப் பாடநூல்கள் சொல்வது இதனால்தான். தேர்வில் "காரணம், விளைவு" எழுதும்போது இதை நினைவில் வையுங்கள். ஒரு நிறுவனம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது காரணம். அதில் வாழ்ந்தவர்கள் அதை என்னவாக மாற்றினார்கள் என்பது விளைவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதே காலத்தில் ஆற்றின் இந்தப் பக்கம்

இப்போது பாலத்தைத் தாண்டி நம் பக்கம் வருவோம். 1922இல் அந்தப் பக்கம் கல்லூரி திறந்தார்கள். 1923இல் தொழிலாளர் சட்டம் ஒன்று வந்தது. 7 முதல் 14 வயது வரை ஒரே இனத்தைச் சேர்ந்த 10 பிள்ளைகள் தோட்டத்தில் இருந்தால் நிர்வாகம் அவர்களுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்பது அதன் விதி. நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சட்டம் பள்ளி நடத்தச் சொன்னதே தவிர, ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்று சொல்லவில்லை. அதனால் என்ன நடந்தது? எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக் கொடுத்தார். லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை பள்ளிக்கூடம் ஆனது. பல தோட்டங்களில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை எல்லாம் ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்துப் படிப்பித்தார். தமிழாசிரியர்களுக்கு முறையான பயிற்சி 1930களில்தான் மெல்லத் தொடங்கியது. அதுவும் பகுதி நேர வகுப்புகள்தான். விடுதியும் திடலும் நூலகமும் உள்ள ஒரு வளாகம் தமிழாசிரியருக்கு என்று அன்று கட்டப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு "அவர்களுக்கு எல்லாம் கிடைத்தது, நமக்கு எதுவும் இல்லை" என்று முடிவு செய்துவிடக் கூடாது. மலாய்க்காரருக்குக் கொடுத்த கல்வியும் கிராமத்தோடு நிற்கும்படி அளந்து கொடுத்த கல்விதான். நமக்கு அளந்தது தோட்டத்தோடு நின்றது. அளந்தவர் ஒருவரே. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தப் பக்கம் ஆசிரியர்கள் ஒன்றுகூடி வாழ ஓர் இடம் இருந்தது. நம் பக்கம் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தோட்டத்தில் தனியாக இருந்தார். ஒன்றாகத் தங்கிப் படித்தவர்கள் ஓர் இயக்கமாக ஆனார்கள். தனித்தனியாகச் சிதறி இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகவும் தாமதமாகவே கிடைத்தது. ஒரு வளாகத்தின் உண்மையான பயன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். மனிதர்களைச் சேர்த்து வைப்பது.

கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம்

சுதந்திர ஆண்டான 1957இல் இதன் பெயர் மக்தாப் பெர்குருவான் சுல்தான் இட்ரிஸ் என்று மாறியது. அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த இடத்துக்கு 1970களில் பெண்களும் வந்தார்கள். 1987இல் அது இன்ஸ்டிடியூட் ஆனது. 1997 மே 1ஆம் நாள் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மாணவர்கள் சொன்ன இரண்டு ஆண்டுகளுக்கும் காரணம் இப்போது புரிந்திருக்கும். 1922 நிறுவனத்தின் பிறந்த ஆண்டு, 1997 பல்கலைக்கழகத் தகுதி கிடைத்த ஆண்டு. தேர்வில் கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

பல்கலைக்கழகம் ஆனவுடன் ஒரு நடைமுறைச் சிக்கல். பழைய வளாகம் நகரத்துக்குள் இருக்கிறது. ஒரு பக்கம் கடைத்தெரு, ஒரு பக்கம் வீடுகள். ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு வகுப்பறையும் விடுதியும் கட்ட நிலம் போதாது. அதனால் நகரத்துக்கு வெளியே, புரோட்டோன் சிட்டி பகுதியில், சுல்தான் அஸ்லான் ஷா வளாகம் என்ற புதிய வளாகம் உருவானது. பழைய இடம் இப்போது சுல்தான் அப்துல் ஜலீல் ஷா வளாகம் என்று அழைக்கப்படுகிறது. மாணவர்கள் ஒரு குறிப்பை எழுதிக்கொள்ளுங்கள்: பேராங்கில் உள்ள சுல்தான் அஸ்லான் ஷா பாலிடெக்னிக் வேறு, உப்சியின் சுல்தான் அஸ்லான் ஷா வளாகம் வேறு. விண்ணப்பம் போடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

புரோட்டோன் சிட்டி என்பது கார்த் தொழிற்சாலையை மையமாக வைத்துத் திட்டமிட்ட புதுநகரம். 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடியால் வேலை தாமதமாகி, தொழிற்சாலை 2003இல்தான் செயல்படத் தொடங்கியது. அதே பகுதியில் பல்கலைக்கழகமும் வந்ததால் தொழில், கல்வி, வீடமைப்பு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன.

இரண்டு வளாகங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பழையது நடந்து போகிறவர்களுக்காகக் கட்டியது. விடுதி, வகுப்பு, திடல், தோட்டம் எல்லாம் கூப்பிடு தூரம். ரயில் நிலையமும் ஊருக்குள்ளேயே. புதியது சக்கரத்தில் போகிறவர்களின் காலத்து வளாகம். அகலமான சாலை, வாகன நிறுத்துமிடம், இரண்டு வளாகங்களுக்கும் இடையே பஸ். இடம் தாராளமாகக் கிடைக்கிறது, ஆனால் பஸ்ஸை விட்டால் வகுப்பும் போச்சு. புறநகர் வளாகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான லாபமும் நட்டமும் இவைதான்.

மற்ற புறநகர் வளாகங்கள்

இது தஞ்சோங் மாலிமுக்கு மட்டும் உரிய கதை இல்லை. 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு, 1950களின் இறுதியில் கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையில் பந்தாய் பள்ளத்தாக்கில் வளாகம் அமைத்தார்கள். 1962 ஜனவரி 1இல் அது தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அந்த வளாகத்துக்குள் 1974இல் உருவான 'ரிம்பா இல்மு' தாவரவியல் தோட்டம் பழைய ரப்பர் நிலத்தில் அமைந்தது. தமிழர்களுக்கு அந்த வளாகம் இன்னொரு வகையிலும் முக்கியம். அங்கே இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார் முன்னின்று, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். இடம் இருந்ததால், நூலகம் இருந்ததால், ஒன்றுகூடிய அறிஞர்கள் இருந்ததால் அது நடந்தது.

நம் கோலசிலாங்கூர் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சிலாங்கூர் மாநில அரசு 1999இல் தொடங்கிய சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். தோட்டங்கள் சூழ்ந்த ஊர் அது.

ஏன் இப்படித் தோட்டங்களின் ஓரமாகவே வளாகங்கள் வருகின்றன? பல்கலைக்கழகத்துக்குத் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே பரப்பாக நிலம் வேண்டும். நகரத்துக்குள் அப்படிக் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. ரப்பரும் செம்பனையும் இருக்கும் இடத்தில்தான் நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே கையில் இருக்கும். சாலையும் ஏற்கனவே இருக்கும். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய நிலமும் அப்படித்தான் நகரமாகவும் வளாகமாகவும் மாறுகிறது.

வாசல் திறந்தபோது

இன்று உப்சியில் தமிழ்மொழிக் கல்வியியல் பட்டப்படிப்பு இருக்கிறது. 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காக மட்டும் திறந்த இடத்தில் இன்று தமிழ் படித்துத் தமிழாசிரியராக வெளிவருகிறார்கள். நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கும், தமிழ் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளிகளுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. தனித்தனித் தோட்டத்தில் சிதறிக் கிடந்த தமிழாசிரியர் ஒரு வளாகத்தில் ஒன்றாகத் தங்கி, நூலகத்தில் உட்கார்ந்து, பிற இனத்து மாணவர்களோடு சேர்ந்து படிக்கிறார். கல்லூரி தொடங்கிய காலத்தில் ஆற்றின் இந்தப் பக்கம் இல்லாதிருந்த வாய்ப்பு அது.

ஆனால் வளாகத்துக்குச் சுற்றுச்சுவர் மட்டும் இல்லை, சேர்க்கை விதி என்று இன்னொரு வாசலும் உண்டு. அதன் சாவி எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் தேர்ச்சி. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எடுக்காமல் விட்டுவிடும் மாணவருக்குத் தமிழாசிரியராகும் அந்த வாசல் அப்போதே மூடத் தொடங்கிவிடுகிறது. "ஒரு பாடம் குறைந்தால் சுமை குறையும்" என்று பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு இருபது வயதில் வந்து நிற்கும். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம் அப்போது நூறு மைல் தள்ளிப் போய்விடும். இதை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே எடுத்துச் சொல்வது நம் வேலை.

2016இல் தஞ்சோங் மாலிம் பகுதியைத் தனி மாவட்டமாக்கி 'முஅல்லிம்' என்று பெயர் வைத்தார்கள். அரபு மொழியில் அதற்கு 'ஆசிரியர்' என்று பொருள். ஆசிரியர் என்ற பெயருள்ள மாவட்டம் நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து எத்தனை தமிழாசிரியர்கள் வருவார்கள் என்பது இன்று நம் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பொறுத்தது.

ஆண்டுகள் ஒரு பார்வையில்

1900, 1913: மலாக்கா, மாத்தாங் கல்லூரிகள் தொடக்கம்
1917: வின்ஸ்டட் அறிக்கை
1922: சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறப்பு
1923: தோட்டப் பள்ளிகள் பற்றிய தொழிலாளர் சட்டம்
1924: மொழிபெயர்ப்புப் பிரிவு தஞ்சோங் மாலிமுக்கு வருதல்
1957: மக்தாப் பெர்குருவான் சுல்தான் இட்ரிஸ்
1987: இன்ஸ்டிடியூட் தகுதி
1997: பல்கலைக்கழகத் தகுதி
2016: முஅல்லிம் மாவட்டம்

வகுப்பில் கலந்துரையாட

1. ஒரு கல்லூரியைப் பெருநகரத்தில் அமைக்காமல் சிற்றூரில் அமைத்ததால் ஏற்பட்ட நன்மை, தீமைகள் யாவை?
2. காலனி அரசு எதிர்பார்த்ததற்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. உங்கள் ஊரில் உள்ள பழைய பள்ளி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த நிலத்தில், யாருக்காகக் கட்டப்பட்டது? இன்று அங்கே யார் படிக்கிறார்கள்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதி வருக.